கருடசேவை ரூமுக்குக் கட்டின பாத்ரூம்

சேகருக்கு,

காகிதத்தின் தலையில் தேதி போட வேண்டும் என்று எழுதுகிறவர் சொல்கிறார். தேதி எனக்குத் தெரியாது. வருஷம் வேண்டுமானால் சொல்கிறேன், எழுதிக்கொள்ளட்டும். நாற்பது வருஷம் குளத்துக்கு அடியில் படுத்திருந்த அத்தி வரதர் வெளியே வந்து, சனங்களுக்குத் தரிசனம் கொடுத்துவிட்டு, மறுபடியும் தண்ணீருக்குள் போன வருஷம். அமெரிக்காக்காரன் ஆகாயத்தில் விட்ட ஸ்கைலாப் தலைமேல் விழப்போகிறது என்று பயந்து சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் வளர்த்த கோழியை எல்லாம் அடித்துத் தின்றுவிட்டு, அப்புறம் முட்டைக்கு அலைந்த வருஷம். டில்லியில் ஒரு மந்திரிசபை கவிழ்ந்து, அடுத்தது நாற்காலியைச் சூடாக்குவதற்குள் அதுவும் கவிழ்ந்த வருஷம். இந்த வருஷம் வைகாசியில்தான், கருடசேவை முடிந்த கையோடு, நீ முசரவாக்கம் ஏழுமலைக் கொத்தனாரைக் கூட்டிவந்து நம் கொல்லையில் கயிறு பிடித்தாய். ஆனியில் நான் அந்த வேலையை நிறுத்தினேன். கோபித்துக்கொண்டு அம்பத்தூருக்கு ரயில் ஏறினவன் நீ, இன்னும் வரவில்லை. இப்போது ஐப்பசி மழை. கூரை போடாத பாத்ரூமுக்குள் தண்ணீர் கட்டிக்கொண்டு நிற்கிறது.

எழுதுகிறவர் தெருக்கோடி ஏகாம்பரம், தபாலாபீசில் இருந்து ரிடையரானவர். நான் சொன்னதைத்தான் எழுதுகிறாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? அதனால் பக்கத்துக்குப் பக்கம் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். நடுவில் எங்கேயாவது ஆசீர்வாதம், க்ஷேமம் என்று வந்தால் அது அவர் சேர்த்தது. உன் அம்மா பக்கத்து வீட்டில் பூ கட்டப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் முடிக்க வேண்டும்.

அன்றைக்குக் கொத்தனார் எதிரிலேயே உன்னைக் கேட்கக்கூடாததைக் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். எதிர் வரிசைத் துரைசாமியை உனக்குத் தெரியும். அவன் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான். "நைனா, உனக்குன்னு தனி ரூம்" என்று பின்னால் ஒரு அறை கட்டினார்கள், குழாய் வைத்தார்கள், மின்விசிறி மாட்டினார்கள். ஊரே மெச்சியது. அடுத்த தையில் முன்கட்டைப் பட்டுக் கடைக்காரனுக்கு வாடகைக்கு விட்டார்கள். துரைசாமி தன் வீட்டு வாசலைப் பார்க்கச் சந்துவழியாகச் சுற்றிக்கொண்டு வருவான். என் தறிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என் வூட்டு வாசப்படிய மிதிக்கணும்னா நான் ஒரு பட்டுப்புடவ வாங்கணும் போலகீதுபா" என்பான். சிரிப்போம். போன வருஷம் அவன் போனபோது பாடையைக்கூடச் சந்துவழியாகத்தான் எடுத்தார்கள், கடையில் முகூர்த்தக் கூட்டம். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. நம் வீடும் சன்னிதிக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது. என் தறியும் முன்கட்டில்தான் இருக்கிறது.

அப்படி இருக்கும்போது நீ வந்து, அத்தி வரதரைப் பார்க்க விருந்தாளிகள் வருவார்கள், கருடசேவை ரூமுக்கு ஒரு பாத்ரூம் வேண்டும் என்கிறாய். வருஷா வருஷம் கருடசேவைக்கு வருகிற உறவுக்காரர்கள் படுப்பதற்காக என் தகப்பனார் பின்வாசலை ஒட்டிக் கட்டின சின்ன அறை அது. அவர் காலத்திலிருந்து அதில் தங்கின அத்தனை பேரும் கொல்லைக் கடைசிக்குத்தான் செம்பைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. தவிர, விருந்தாளி என்றால் நீ முன்னாலெல்லாம் எப்படி இருப்பாய்? போன வைகாசியில் கூரத்து உறவுக்காரர்கள் வந்தபோது உன் தலையணையைக் கொடுக்க வேண்டி வருமே என்று ராத்திரி பஸ் பிடித்து அம்பத்தூருக்குப் போனவன் நீ. அப்படிப்பட்டவனுக்குத் திடீரென்று விருந்தாளி மேல் பாசம் பொங்கினால் நான் என்ன நினைப்பேன்?

நினைத்தேன். நினைத்துவிட்டுக் கவனிக்க ஆரம்பித்தேன். சுவர் எழும்ப எழும்ப ஒவ்வொன்றும் என் கண்ணை உறுத்தியது. கதவு நிலை அகலம். நிலைக்குக் கீழே படி இல்லை, தரையோடு தரை. படி இல்லாத நிலை எந்த வீட்டில் உண்டு? குந்துகிற கல் வைக்காமல், செங்கல்லால் நாற்காலி உயரத்துக்கு ஒரு மேடை கட்டி, நடுவில் துவாரம் விட்டிருந்தான். மேடைக்கு இரண்டு பக்கமும் கையளவு உயரத்தில் திண்டு. ஏழுமலையைக் கேட்டேன்.

"யாருக்குப்பா இந்த மேடை?"

"விருந்தாளிக்குன்னாரு உன் புள்ள."

"எந்த விருந்தாளிக்கு?"

"அத நான் எதுக்குப் பெரியவரே கேக்கப்போறேன்? விருந்தாளி மூஞ்சியப் பாத்துட்டுதான் கல்லு வெக்கணும்னா நான் எந்த ஜென்மத்துல முசரவாக்கம் போய்ச் சேர்றது?"

"இந்தத் திண்டு எதுக்கு ரெண்டு பக்கமும்?"

"உன் புள்ள அளவு குடுத்தாரு. வலதுபக்கத் திண்ட அகலமா போடச் சொன்னாரு. சிமிட்டியத் தின்னுது. நான் கேக்கல."

அந்தத் திண்டைப் பார்த்தவுடனே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். குழித்தறியில் உட்கார்ந்தவனுக்கு மட்டும்தான் அது தெரியும். நாம் பள்ளத்துக்குள் காலைத் தொங்கவிட்டு, தரையோரத்தில் உட்கார்ந்து நெய்கிறவர்கள். எழுந்திருக்கும்போது இரண்டு உள்ளங்கையையும் இரண்டு பக்கமும் தரையில் ஊன்றி, உடம்பைத் தூக்கித்தான் வெளியே வருவோம். வேறு தொழில்காரன் சுவரைப் பிடிப்பான், கம்பியைப் பிடிப்பான். நெசவுக்காரன் கையை ஊன்றுவான். ஆக, இந்த மேடை அத்தி வரதரைப் பார்க்க வருகிறவனுக்கு இல்லை. தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து முட்டி போன ஒரு நெசவுக்காரனுக்கு. இந்த வீட்டில் நெசவுக்காரன் யார்? நான்.

அப்புறம் பழசெல்லாம் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்து சேர்ந்தது. கருடசேவை அன்றைக்கு நான் கோயிலில் இருந்து திரும்பும்போது நீ தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்திருந்தாய். ஊன்றி எழுந்தாய், மறுபடி உட்கார்ந்தாய். கையில் டேப் இருந்தது. என்னடா என்றால், "சும்மா உக்காந்து பார்த்தேன் நைனா" என்றாய். பள்ளிக்கூடப் பரீட்சை முடிந்த நாளில் அந்தக் குழியை விட்டு அம்பத்தூருக்குக் கம்பெனி வேலைக்குப் போனவன் எதற்குச் சும்மா உட்கார்ந்து பார்க்கிறான்? தறியை விலை பேச அளக்கிறான் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அதே வாரம் வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் நம் முன்வாசலை அளந்துகொண்டு போனான். உன்னோடு வந்திருந்த மருமகள், "மாமா, உங்க கட்டில கொஞ்சம் நகத்தலாமா?" என்றாள். கேட்டபோது ஒன்றும் தோன்றவில்லை. திண்டைப் பார்த்த பிறகு தோன்றியது. எல்லாவற்றுக்கும் மேலே உன் அம்மா. அடுப்புக்கு விறகு எந்தப் பக்கம் அடுக்குவது என்பதற்கே என்னோடு அரைநாள் வாதாடுகிறவள், கொல்லையில் புதுசாய்ச் சுவர் எழும்புகிறது, "செஞ்சா செய்யட்டுமே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளையும் சேர்த்துக்கொண்டுதான் இந்த வேலை நடக்கிறது என்று முடிவு செய்தேன்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படி ஆனது. ஏழுமலை கூரைக்குச் சட்டம் தூக்கப் போனான், நான் கையைக் குறுக்கே நீட்டினேன். "என்னப் பின்னால தள்ளிட்டு முன்னால கடை வெக்கப் பாக்கறியா?" என்று கேட்டேன்.

நீ, "உங்களுக்குன்னு யாரு சொன்னாங்க நைனா?" என்றாய்.

"அப்ப யாருக்கு?"

நீ உன் அம்மாவைப் பார்த்தாய். அவள் கிணற்றைப் பார்த்தாள். அப்புறம் நீ, "விருந்தாளிக்குத்தான்" என்றாய்.

அந்தப் பார்வையை நான் பார்த்துவிட்டேன். அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? துரைசாமி பிள்ளைகளாவது நேரடியாகச் செய்தார்கள், நீ விருந்தாளி பேரைச் சொல்லி ஏமாற்றுகிறாய் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், ஏகாம்பரம் எதிரில் அதைத் திரும்பச் சொல்ல மாட்டேன். நீ சட்டையை மாட்டினாய். ஏழுமலை கரணையைக் கழுவிச் சாக்கில் போட்டுக்கொண்டு, "வூட்டுக்குள்ள பேசி முடிச்சிட்டுச் சொல்லி அனுப்புங்க. ஈரச் சுவரு சண்டைக்கு நிக்காது" என்று போய்விட்டான். நீ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால்கூட எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். பேசாமல் போனதால் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

அத்தி வரதர் வந்தார். கூட்டம் தெருவை அடைத்தது. நம் வீட்டுக்கு விருந்தாளி என்று வந்தது இரண்டே குடும்பம், அவர்களும் எப்போதும்போலச் செம்பைத் தூக்கிக்கொண்டு கொல்லைக் கடைசிக்குத்தான் போனார்கள். பார்த்தாயா, நான் சொன்னது சரி என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள், "நீங்க சொல்லி எது தப்பாச்சி?" என்றாள். அதில் ஒரு குத்தல் இருந்தது. என்ன குத்தல் என்று அப்போது பிடிபடவில்லை.

போன வாரம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. தறிக்குழியில் ஈரம் ஊறிவிட்டது, நெய்ய முடியவில்லை. சும்மா இருந்தால் எனக்குப் பழையதெல்லாம் கிளம்பும். கடப்பாரையை எடுத்துக்கொண்டு கருடசேவை ரூமுக்குப் போனேன். அந்தத் திண்டு இரண்டையும் பெயர்த்துவிட்டால் அது வெறும் மேடை, அப்புறம் யார் யாரை அங்கே தள்ளுவது பார்க்கலாம் என்று எண்ணம். கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு அந்தத் தூரம் நடந்ததிலேயே மூச்சு வாங்கியது. மேடையில் உட்கார்ந்தேன். ஆறிக்கொண்டு எழுந்திருக்கலாம் என்று பழக்கத்தில் இரண்டு கையையும் ஊன்றினேன். ஊன்ற முடியவில்லை.

திண்டு இரண்டும் எனக்கு ரொம்பக் கிட்ட இருந்தன. முழங்கை விலாவில் இடிக்கிறது. உயரமும் பற்றவில்லை. இடதுகைத் திண்டு ஒல்லி, வலதுகைத் திண்டு மட்டும் உள்ளங்கை முழுசாய் அழுந்துகிற அகலம். எனக்கோ வலது தோள் கெட்டது, இடதுகைதான் பலம். எனக்கு அளந்து கட்டினது என்றால், கட்டச் சொன்னவன் ஒரு நாளும் என்னைப் பார்க்காதவனாக இருக்க வேண்டும். நீ என்னைப் பார்த்து வளர்ந்தவன். புடவையில் ஒரு இழை தப்பினாலும் உன் கண்ணுக்குத் தெரியும், அதை நான்தான் பழக்கினேன். நீ இத்தனை தப்பாக அளக்க மாட்டாய். அப்படியானால் இது என் அளவு இல்லை. சுவரைப் பிடித்து ஒருவழியாய் எழுந்தேன். யாருடைய அளவு என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.

நேரே தறிக்குப் போனேன். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் உன் பிள்ளைகள் பின்னால் படித்தால் புரிய வேண்டும். கோர்வைப் புடவை ஒரு ஆள் நெய்வதில்லை. உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் சேருகிற இடத்தில் இழையோடு இழை மாட்ட வேண்டும். நடுவிலும் வலதுபக்கக் கரையிலும் குறுக்கிழை சுற்றின நாடாவை நான் ஓட்டுவேன். இடதுபக்கக் கரைக்கு இன்னொரு ஆள் என்னை ஒட்டி அதே குழியில் உட்கார்ந்து நாடா ஓட்ட வேண்டும். நீ பிறப்பதற்கு முன்னிருந்து அங்கே உட்காருகிறது உன் அம்மா. நெய்யும்போது நான் முன்னால் இழையைப் பார்ப்பேன். பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் இழை தப்பும். ஓட்டி முடித்தால் அவள் 'ம்' என்பாள், நான் இழை நெருங்குவதற்குத் தறிப்பலகையை இழுத்து அடிப்பேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. வேலை முடிந்தால் முதலில் எழுந்து போவது நான். அவள் அடுப்பு வேலைக்கு மெல்ல எழுந்து வருவாள் என்று நினைப்பு. எப்படி எழுந்து வருகிறாள் என்று நான் பார்த்ததே இல்லை.

அன்றைக்குப் பார்த்தேன், ஆள் இல்லாத இடத்தை. அவள் உட்காருகிற பலகைக்கு இரண்டு பக்கமும் தரையில் கை ஊன்றின குழிவு. என்னுடையது தள்ளித் தள்ளி இருக்கிறது, அவளுடையது கிட்டக் கிட்ட. அதிலும் இடது பக்கத்துக் குழிவு லேசாகத்தான் தெரிகிறது. வலது பக்கம் சிமென்ட் பெயர்ந்து, உள்ளே மண் தெரிகிறது. உடம்பு மொத்தத்தையும் அந்த ஒரு கையில் போட்டு எழுந்திருக்கிறவளுக்குத்தான் அப்படித் தேயும். ஒரு நூலை எடுத்து அந்தக் குழிவுக்கும் இந்தக் குழிவுக்கும் பிடித்து முடிச்சுப் போட்டேன். மழையில் நனைந்துகொண்டு போய்த் திண்டுக்குத் திண்டு பிடித்தேன். முடிச்சு அப்படியே வந்து உட்கார்ந்தது.

மறுநாள் விடியற்காலை, தூங்குகிற மாதிரிப் படுத்துக்கொண்டு கவனித்தேன். அவள் எழுந்து கொல்லைக் கடைசிக்குப் போனாள். இடது கால் மடங்கவில்லை, இழுத்துக்கொண்டு போகிறாள். ஒரு கையால் மதிலைப் பிடித்துக்கொண்டே போய், பிடித்துக்கொண்டே வந்தாள். நம் மதிலில் சுண்ணாம்பு மேல் இடுப்புயரத்துக்கு நீளமாய் ஒரு கறை ஓடுகிறதே, உனக்கு நினைவிருக்கும். அது பால்காரனின் எருமை உரசுகிற கறை என்று சொல்லி, அவனைக் கொல்லைப்பக்கம் வரக்கூடாது என்று தடுத்து, இரண்டு மாதம் பால் இல்லாமல் காப்பி குடித்தோம். எருமை என்றைக்காவது அவ்வளவு ஒழுங்காய்க் கோடு போடுமா என்று நான் யோசிக்கவில்லை. அவள் அப்போதும் கருப்பட்டிக் காப்பி நல்லதுதான் என்றாள்.

உன்னிடம் மட்டும் ஏன் சொன்னாள், என்னிடம் ஏன் மறைத்தாள் என்று இரண்டு நாள் யோசித்தேன். தெரிந்துவிட்டது. போன வருஷம் அடுத்த தெரு கன்னியப்பன் பெண்சாதிக்கு முட்டி போய்விட்டது. அவன் கூலிக்கு வேறு ஆளை இடதுபக்கம் உட்கார வைத்தான். அதற்கப்புறம் அந்த அம்மாள் நாளெல்லாம் கதவோரம் உட்கார்ந்து தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதை உன் அம்மா தினமும் பார்க்கிறாள். அப்போது சாப்பிட்டுக்கொண்டே நான் சொன்னேன், கன்னியப்பன் செய்தது சரிதான், உட்கார முடியாதவளை வைத்துக்கொண்டு எவன் கோர்வை நெய்வான் என்று. உன் அம்மா எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சுக்கு அப்புறம் அவள் தன் காலைப் பற்றி என்னிடம் வாயைத் திறப்பாளா? வீட்டுக்குள் கட்டவும் வழியில்லை. தறி இருக்கிற கூரைக்கு அடியில் கக்கூஸ் வரக்கூடாது என்று முன்பே சட்டம் போட்டவன் நான். அதனால் விருந்தாளி பேரில், விருந்தாளி அறையில் கட்டச் சொல்லியிருக்கிறாள். தாயும் பிள்ளையும் சேர்ந்துதான் வேலையை நடத்தியிருக்கிறீர்கள். அந்த மட்டுக்கும் என் சந்தேகம் சரி.

நான் அவளிடம் எதையும் கேட்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் சும்மா பேச்சுவாக்கில், "மழ விட்டா ஏழுமலையக் கூப்பிடலாம்னு இருக்கேன்" என்றேன்.

"எதுக்கு?"

"பின்னால அந்த பாத்ரூம முடிக்கத்தான். விருந்தாளி வந்தா வேணுமில்ல."

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். "எந்த விருந்தாளி?"

"யாராவது வருவாங்க."

"நீங்க என்னிக்கு விருந்தாளிய நம்புனீங்க?"

"நம்பலதான். அதான் பின்னால வெக்கறேன்."

அவள் சிரித்தாளா இருமினாளா தெரியவில்லை. முறத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்று ராத்திரி முழுக்க ஒரு சந்தேகம்.

ஆகவே நீ வர வேண்டும். கூரைக்குச் சட்டம் நனையாமல் எடுத்து வைத்திருக்கிறேன். மேடையின் மேல் வைக்கிற பீங்கான் இங்கே நம் கடைத்தெருவில் கிடைக்காது, அம்பத்தூர்ப் பக்கம் கிடைத்தால் வாங்கிக்கொண்டு வா. வழவழப்பு இல்லாத தரை போடச் சொல். பின்வாசலுக்கும் அந்த ரூமுக்கும் நடுவே ஒரு படி இருக்கிறது, அதைச் சாய்த்துப் பூச வேண்டும். நீ அதைக் கவனிக்கவில்லை. தறிக்குழியில் அவள் பக்கத்துக்கும் அதே மாதிரி இரண்டு திண்டு வேண்டும், வலதுபக்கம் அகலமாய். அதை நான் சொன்னதாகச் சொல்லாதே, நீயே யோசித்ததாகச் சொல். இந்த வீட்டில் கேட்கிறவர்கள் எல்லோருக்கும் அது விருந்தாளி பாத்ரூம்தான். நான் உன்னைக் கண்டால் முறைத்துக்கொண்டேதான் இருப்பேன், திடீரென்று இளித்தால் அவளுக்குச் சந்தேகம் வரும். உன் சம்சாரம் உன்னிடம் எதையாவது மறைத்தால், உன்னுடைய எந்தப் பேச்சுக்குப் பயந்து மறைக்கிறாள் என்று முதலில் பார்த்துக்கொள். இதை ஏகாம்பரம் பெரிய எழுத்தில் எழுதட்டுமா என்று கேட்கிறார். வேண்டாம், மற்றது மாதிரியே எழுதினால் போதும்.

இன்னொன்று. வெள்ளைச் சட்டைக்காரன் முன்வாசலை எதற்கு அளந்தான்? முனிசிபாலிடி ஆளாக இருக்கலாம், செப்டிக் டேங்குக்கு அனுமதி பார்க்க வந்தவனாக இருக்கலாம். ஆனால் டேங்க் வருவது பின்னால். இதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. வரும்போது சொல்.

என் இடதுபக்கத்துக்குக் கூலி ஆள் வராது. இதையும் நீயே பேச்சோடு பேச்சாக அவள் காதில் போட்டுவிடு, எனக்குச் சொல்ல வராது. அந்த இடத்தில் இதுவரைக்கும் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். முதலில் என் அண்ணன் முனுசாமி, அவன் கை வேகத்துக்கு நான் ஈடுகொடுக்க முடியாது. அம்மை கண்டு சின்ன வயசிலேயே போய்விட்டான். அப்புறம் என் தங்கை கண்ணம்மா, கூரத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறவரைக்கும் உட்கார்ந்தாள். அவளும் போன தையில் போய்விட்டாள். இப்போது இருக்கிறவள் பெருந்தேவி.